பதினேழு நாச்சியப்பன்கள்

செந்தாமரை எழுதிய புரோகிராம் நாச்சியப்பனைத் தவிர அந்தக் குடும்பத்தில் எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டது. சங்கடம் என்னவென்றால், நாச்சியப்பன் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"நாப்பத்தி மூணு பேரு வந்திருக்கு," என்றார் அவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "நான் எங்க, ஆத்தா?"

செந்தாமரை திரையை மேலும் கீழும் உருட்டினாள். மெல்பர்னில் பல் வைத்தியம் பார்க்கிற வள்ளியப்பன் இருந்தார். கோயம்புத்தூரில் நூல் வியாபாரம் செய்கிறவர் இருந்தார். பத்து வருடமாக யார் கண்ணிலும் படாமல் ரிஷிகேஷில் சாமியாராகத் திரிகிறவர்கூடப் பட்டியலில் இருந்தார். பிள்ளையார்பட்டிப் பிரசாதத்தை மேசையில் வைத்துவிட்டு முழுசாகப் பின்னால் நின்ற நாச்சியப்பன் மட்டும் இல்லை.

சின்ன எரர்தான், பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம் என்று அவள் சொன்னாள். இந்தத் தொழிலில் பத்து நிமிடம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். பாவம், அவருக்குத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கோபிநாத்தின் கம்பெனி காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மெஸ்ஸுக்கு மாடியில் இருந்தது. போர்டில் 'குளோபல்' என்ற வார்த்தை உண்டு. ஆட்கள் மூன்று பேர், அதில் ஒருவர் கோபிநாத். பதினோரு மணிக்குக் கீழே மீன் குழம்பு கொதிக்க ஆரம்பித்தால் மேலே ஒருத்தருக்கும் மூளை ஓடாது. செந்தாமரை பக்கத்துச் சாக்கோட்டைக்காரி. சென்னையில் ஹாஸ்டல் அறை ஒன்றில் நான்கு பேரோடு ஐந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு, வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே கம்ப்யூட்டர் வேலை பார்க்கலாம் என்றதும் ஓடி வந்தவள். வந்து ஐந்து மாதமாகியும் வேலை நிரந்தரமாகவில்லை. நாச்சியப்பனின் வேலையை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துக்கொடுத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் சென்னைக்கே பஸ் ஏறிக்கொள்ளலாம் என்று கோபிநாத் சொல்லியிருந்தார். கோயம்பேட்டை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

வேலை என்னவோ எளிதாகத்தான் தெரிந்தது. ஆத்தங்குடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் பெரிய வீடு ஒன்று இருந்தது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும். அதை ஒரு ஹோட்டல்காரர் குத்தகைக்குக் கேட்டார். பங்குள்ளவர்கள் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை கூடிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அத்தனை பேர் எத்தனை பேர் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருந்த ஒரே பங்காளி அழகுசுந்தரம். பெங்களூரில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற அவர், பதினோரு வருடம் உட்கார்ந்து ஏழு தலைமுறையையும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலில் ஏற்றிவிட்டு, போன வருடம் காலமானார். ஃபைல் மட்டும் ஒரு பென்டிரைவில் நாச்சியப்பன் கைக்கு வந்து சேர்ந்தது.

எக்ஸ்எம்எல் ஒன்றும் பெரிய சித்து வேலை இல்லை. அப்பாவின் பெயரைத் திறந்து, அதை மூடுவதற்கு முன்னால் பிள்ளைகளை உள்ளே வைப்பது. பிள்ளையை மூடுவதற்கு முன்னால் பேரப்பிள்ளைகள். சட்டிக்குள் சட்டியாக அடுக்கிவைத்த மாதிரிதான். வெளிச்சட்டியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனால் கடைசிக் குட்டிச் சட்டி வரைக்கும் போய்விடலாம். அப்பா இருக்கும்வரை மகனுக்குப் பங்கில்லை. அதனால் அப்படிப் போகும்போது, ஆள் உயிரோடு இருந்து அப்பா காலமாகியிருந்தால் அந்த ஆளைப் பட்டியலில் சேர் என்று எழுதியிருந்தாள். பத்தே வரி. எழுதி முடித்தபோது அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"அழகுசுந்தரத்துக்கும் எனக்கும் கோயில் விசயத்துல பேச்சுவார்த்தை கெடையாது," என்றார் நாச்சியப்பன். "வேணும்னே என்னைய எங்குட்டாச்சும் மூலையில ஒளிச்சு வச்சிருப்பான். நல்லாத் தேடு ஆத்தா."

செத்தவர் மேல் பழி போட்டால் எதிர்ப்பேச்சு வராது. செந்தாமரைக்கும் அது நியாயமாகவே பட்டது.

கோபிநாத் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வரிகூட எழுதியறியாதவர், ஆனால் யோசனைக்குக் குறைவில்லை. குடும்ப மரம் முழுக்க ஏறி இறங்குவானேன், நேராகப் பெயரைப் போட்டுத் தேட வேண்டியதுதானே என்று கேட்டார். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. அவள் பெயரைப் போட்டாள். கணப்பொழுதில் ஒரு நாச்சியப்பன் வந்து நாற்பத்து நான்காவதாக உட்கார்ந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். நாச்சியப்பன் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு, டீ குடிக்கக் கீழே இறங்கினார்.

டீ ஆறுவதற்குள் திரும்ப மேலே வந்தார்.

"நான் மோல்மீன்ல செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு போலருக்கே," என்று காகிதத்தை நீட்டினார்.

ஒன்றைக் கேட்டால் முதலில் கைக்கு அகப்படுவதை எடுத்து நீட்டுவதுதான் அந்தத் தேடலின் குணம். முதலில் அகப்பட்டவர் 1911இல் பர்மாவில் காலமான நாச்சியப்பன். சரி, அந்தப் பெயரில் இருக்கிற எல்லோரையும் கொடு என்று கேட்டாள். பதினேழு பேர் வந்தார்கள்.

அப்படியானால் வழியைச் சொல்லித் தேடலாம் என்று நினைத்தாள். அப்பாவுடைய அப்பா பெயர், அப்பா பெயர், தன் பெயர் என்று மூன்றையும் வரிசையாகக் கொடுத்தால் எப்பேர்ப்பட்டவரும் தப்ப முடியாது. நாச்சியப்பனைக் கேட்டாள். நாச்சியப்பன் மகன் வள்ளியப்பன் மகன் நாச்சியப்பன் என்றார். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கிற குடும்பம். நாச்சியப்பனுக்கு வள்ளியப்பன் பிறப்பார், வள்ளியப்பனுக்கு நாச்சியப்பன் பிறப்பார், இரண்டே பெயரை வைத்துக்கொண்டு நூற்றைம்பது வருடம் சிக்கனமாக ஓட்டியிருந்தார்கள். அவள் கொடுத்த வழியில் ஒன்பது பேர் வந்து நின்றார்கள். ஏழு பேர் காலமானவர்கள். எட்டாமவர் மெல்பர்ன் பல் டாக்டரின் மகன், மூன்றாம் வகுப்பு. ஒன்பதாமவர் திருச்சியில் பேங்க் மேனேஜர், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர். சந்தேகத்துக்கு அவரையே போனில் கூப்பிட்டு, நீங்கள் நீங்கள்தானா என்று செந்தாமரை கேட்டாள். அவர் நிதானமாக அவளுடைய மேலதிகாரியின் நம்பரைக் கேட்டார்.

அன்றைக்குப் புதன்கிழமை.

வியாழக்கிழமை காலை நாச்சியப்பன் புதுச் சந்தேகத்தோடு வந்தார். அழகுசுந்தரம் தன்னைச் செத்துப்போனவன் என்று எழுதிவைத்திருப்பான், அவன் அதைச் செய்யக்கூடிய ஆள்தான் என்றார். அதையும் பார்த்துவிடலாம் என்று, உயிரோடு இருந்தால் மட்டும் சேர் என்ற நிபந்தனையைச் செந்தாமரை எடுத்துவிட்டாள். பட்டியல் நாற்பத்து மூன்றிலிருந்து இருநூற்றுச் சொச்சமாகப் பெருத்தது.

அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்திருக்காது. ஆனால் முந்தின நாள் மாலை கோபிநாத் ஒரு நல்ல காரியம் செய்துவைத்திருந்தார். கிளையண்டை அசத்த வேண்டும் என்று, பட்டியலில் ஒரு பெயர் ஏறினால் அந்தக் கணமே அந்த ஆளின் வாட்ஸ்அப்புக்கு அழைப்புப் போகும்படி இன்னொரு பையனை வைத்து இணைத்துவிட்டார். அவளிடம் சொல்லவில்லை. கடைசிப் பத்து வருடத்தில் இறந்துபோனவர்களின் நம்பர்களை அழகுசுந்தரம் அழிக்காமலே வைத்திருந்தார். அவர்கள் அத்தனை பேருக்கும் போயிற்று: 'தாங்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரில் வந்து கையொப்பமிட வேண்டும். வர இயலாவிட்டால் காரணத்தைத் தெரிவிக்கவும்.'

முதல் போன் உமையாள் என்ற அம்மாளிடமிருந்து வந்தது.

"எங்க வீட்டுல அவுக தவறி நாலு வருசமாச்சு," என்றார் அந்த அம்மாள். "வர முடியாட்டிக் காரணம் சொல்லணும்னு போட்டிருக்கீக. காரணம் அதுதான்."

செந்தாமரை எழுந்து நின்றே மன்னிப்புக் கேட்டாள்.

"ஒருவேளை வந்துட்டாகன்னா எனக்கும் ஒரு போன் போடு, ஆத்தா," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

தன் பத்து வரியால் ஒரு வீட்டில் ஒருத்தர் நாலு வருடம் கழித்து மறுபடியும் செத்துப்போனார் என்று நினைத்தபோது செந்தாமரைக்கு அவமானமாக இருந்தது. அந்த நிபந்தனையைத் திரும்பச் சேர்த்தாள்.

கோபிநாத் விடவில்லை. நாச்சியப்பன் உயிரோடு இருப்பதாகத்தான் ஃபைலில் இருக்கும், அவருடைய அப்பா இறந்ததைத்தான் எழுதாமல் விட்டிருப்பார்கள், அந்த இன்னொரு நிபந்தனையை எடுத்துப் பார் என்றார். வாட்ஸ்அப்பை முதலில் நிறுத்துங்கள் என்று அவள் சொன்னதற்கு, நிறுத்தச் சொல்லியாயிற்று என்றார். சொல்லத்தான் சொல்லியிருந்தார். பையன் சாப்பிடப் போயிருந்தான்.

இந்தத் தடவை அப்பாக்களோடு மகன்களும் பட்டியலில் ஏறினார்கள். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கையெழுத்துப் போட வரச்சொல்லி அழைப்புப் போயிற்று. கோயம்புத்தூர் நூல் வியாபாரி மதியமே கூப்பிட்டார்.

"நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். என் பங்குக்கு என் மகனைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்கீக. நான் எப்பச் செத்தேன்னு தேதி மட்டும் சொல்லிருங்க."

மகன் அதற்குள் மாடி அறைக்கு ஏசி போடுவதைப் பற்றி அம்மாவிடம் பேச ஆரம்பித்துவிட்டானாம். அதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும். அவர் மாதிரி இன்னும் பதினொரு அப்பாக்கள் கூப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை செந்தாமரை ஒரு முடிவுக்கு வந்தாள். குழப்பத்துக்கெல்லாம் காரணம் செத்தவர்கள்தான். உயிரோடு இருப்பவர்களைத் தேடுகிற இடத்தில் இவர்களுக்கு என்ன வேலை? தேடுவதற்கு முன்னால் இறந்தவர்களையெல்லாம் மரத்திலிருந்து நீக்கிவிட்டால் மிச்சமிருப்பவர்களுக்குள் நாச்சியப்பன் அகப்பட்டுத்தானே ஆக வேண்டும்? ஒரே ஒரு வரி சேர்த்தாள். ஓட்டினாள்.

பட்டியல் காலியாக வந்தது.

அவள் மறுபடியும் ஓட்டினாள். மறுபடியும் காலி. அப்புறம்தான் உறைத்தது. எல்லாவற்றுக்கும் வெளிச்சட்டியாக இருந்தவர், குடும்பத்தை ஆரம்பித்துவைத்த முதல் வள்ளியப்பன். அவரும் இறந்தவர்தானே? அவரைத் தூக்கி எறிந்ததும் அவருக்குள் இருந்த ஏழு தலைமுறையும் சேர்ந்து போய்விட்டது. மேலே இருக்கிற செத்தவர்கள்தான் கீழே இருக்கிறவர்களைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதைக் கல்லூரியில் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த பையன் அதற்குள் வாட்ஸ்அப்பை நிறுத்தவில்லை, மேம்படுத்தியிருந்தான். பெயர் நீங்கினாலும் செய்தி போகும்படி வைத்திருந்தான். 'தங்கள் பெயர் பங்குதாரர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நன்றி.' மெல்பர்ன் பல் டாக்டர் சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது அந்த நன்றி போய்ச் சேர்ந்தது. திருச்சி மேனேஜர் இப்போது மேலதிகாரியின் நம்பரைக் கேட்கவில்லை, வக்கீலின் நம்பரைக் கொடுத்தார். ரிஷிகேஷ் சாமியாரும் கூப்பிட்டார். பற்றை விட்டுப் பத்து வருடமான அந்த மனிதர் பேசிய பேச்சை வீட்டில் சொல்ல முடியாது.

கோபிநாத் மூன்று போனையும் அணைத்து டிராயருக்குள் போட்டார். பிறகு செந்தாமரையைக் கூப்பிட்டு, சென்னையில் தனக்குத் தெரிந்த கம்பெனி ஒன்று இருக்கிறது, சிபாரிசு செய்கிறேன் என்று ரொம்ப அன்பாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

சனிக்கிழமை விடிந்ததும் வந்து உட்கார்ந்தாள். பென்டிரைவிலிருந்து பழைய ஃபைலை எடுத்தாள். ஒட்டுப்போட்டதையெல்லாம் பிய்த்தெறிந்துவிட்டு, முதல் நாள் எழுதிய பத்து வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினாள். அதே நாற்பத்து மூன்று பேர், அதே வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் அழைத்தாள். அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது.

நாச்சியப்பன் வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் திரையையே பார்த்தார். அத்தாட்சி ஏதாவது இருந்தால் வசதியாக இருக்கும் என்று அவள் மெல்லக் கேட்டாள். எல்லாம் தேவகோட்டை வீட்டில் எங்கேயோ கிடக்கிறது, ஒரு நாளில் எடுக்கிற காரியமில்லை என்றார். பிறகு விரலை நீட்டி, ஆறாவது தலைமுறையில் இருந்த ஒரு வள்ளியப்பனைத் தொட்டார். அந்த வள்ளியப்பனுக்குள் ஒரு மகனும் இரண்டு மகள்களும் இருந்தார்கள்.

"இவுகதான் எங்க அப்பச்சி," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவுகளுக்குள்ள என்னைய வையி. அந்த வீட்டு வளவுத் தரையிலதான் நான் தவழ்ந்தேன், ஆத்தா. அதுல எனக்கு இடமில்லைன்னு ஒரு மெசினு சொல்லலாமா?"

பெரிய மனிதர் கண் கலங்கினால் பார்க்கிறவர்களுக்கு என்னவோ செய்கிறது. இருந்தாலும் செந்தாமரை தயங்கினாள். வேறு யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்று கோபிநாத்திடம் தனியாகப் போய்க் கேட்டாள்.

"அவர் தன்னோட அப்பாவையே காட்டுறாரு," என்றார் கோபிநாத். "இதுக்கு மேல உனக்கு என்ன சாட்சி வேணும்?"

அதுவும் சரிதானே என்று திரும்பி வந்தாள். இரண்டு வரி எழுதினாள். புதிதாக ஒரு நாச்சியப்பனை உண்டாக்கு, இந்த வள்ளியப்பனுக்குள் வை. ஓட்டினாள். நாற்பத்து நான்கு பேர். ஒருத்தரும் செத்தவரில்லை, ஒருத்தரும் பள்ளிக்கூடப் பிள்ளையில்லை, எல்லா நிபந்தனையும் தேறிவிட்டது. அழகுசுந்தரம் விட்ட பிழையைத் தான் திருத்திவிட்டோம் என்று அவளுக்கு நிம்மதி வந்தது.

நாச்சியப்பன் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பட்டியலை நல்ல தாளில் அச்சடித்து, 'கணினி ஆய்வின்படி' என்று தலைப்புப் போட்டு, ஆபீஸ் முத்திரை வைத்து, தயாரித்தவர் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்டார். முன்கூட்டி யாருக்கும் அனுப்ப வேண்டாம், பங்காளிகள் கையில் கிடைத்தால் ஆளுக்கொன்று பேசுவார்கள், நேராகக் கூட்டத்திலேயே வாசித்துவிடலாம் என்றார். 'தயாரித்தவர்: செந்தாமரை, மென்பொருள் பொறியாளர்' என்று அச்சான இடத்தில் அவள் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். ஐந்து வருடம் சென்னையில் இருந்தபோது எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலமே கோபிநாத் நிரந்தர வேலைக் கடிதத்தைக் கொடுத்தார். அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சாக்கோட்டை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் அவள் அந்தப் பெரிய வீட்டில் இருந்தாள். வாசலில் ஒவ்வொரு காராக வந்து நின்றது. நாச்சியப்பன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வீட்டுக்காரராக முன்னால் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கைகூப்பிக்கொண்டிருந்தார். மெல்பர்ன் பல் டாக்டர் தூக்கக் கலக்கத்தோடு அவரைக் கட்டிக்கொண்டார். ஹோட்டல்காரரின் வக்கீல் வந்து, முத்திரை வைத்த பட்டியலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரே பார்த்துக் கொடுத்திருக்கிறது, இனி ஒரு பேச்சுமில்லை என்று திருப்தியாகச் சொன்னார்.

உள்ளே கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர் சின்னக்கருப்பு. நாற்பது வருடமாக அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. சாக்கோட்டைப் பிள்ளை என்றதும் இன்னார் மகளா என்று விசாரித்து, குடிக்க மோர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கூட்டம் உள்ளே வருவதற்கு முன்னால் மைக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று செந்தாமரை பட்டியலை ஒவ்வொரு பெயராக வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலையாட்டிக்கொண்டே ஒரு நாற்காலியைப் போட்டார். நாற்பத்து நான்காவது பெயர் வந்தது. வள்ளியப்பன் மகன் நாச்சியப்பன் என்று கொஞ்சம் சத்தமாகவே வாசித்தாள். நாற்காலி போடுகிற சத்தம் கேட்கவில்லை. சின்னக்கருப்பு அதைக் கையில் தூக்கியபடியே நின்றார்.

வாசலில் நிற்கிற செட்டியாரைத்தான் சொல்கிறாயா என்று கேட்டார்.

"ஆமாண்ணே," என்றாள் செந்தாமரை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "அவுகளைக் கண்டுபுடிக்கத்தான் ஒரு வாரமா உசுரைக் குடுத்தேன்."

சின்னக்கருப்பு நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, அவள் அருகில் வந்து சொன்னார்:

"அவுகளைத்தான் சின்னப் புள்ளையிலயே தேவகோட்டை வீட்டுக்குச் சுவீகாரப் புள்ளையாக் குடுத்து, இங்க பங்கு இல்லைன்னு எழுதியும் வாங்கியாச்சே தாயி, மதுரையிலருந்து ரெண்டு பேரு, திருச்சியிலருந்து ஒருத்தரு, மூணு பேரும் இதே மாதிரி கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து தேடிப் பாத்துட்டு, நீங்க இதுல இல்லவே இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டாக, நீ ஒருத்திதான் கண்டுபுடிச்சிருக்க."